பசித்தவரிடம் படம் காட்டாதீர்கள்

"பக்கத்தைத் திறந்த உடனே வாயில் எச்சில் ஊற வேண்டும்." உணவகங்களுக்கு இணையப் பக்கம் செய்து கொடுப்பவர்கள் இதை ஒரு சட்டம் போலச் சொல்கிறார்கள். வடிவமைப்பு படிக்கும் பிள்ளைகளுக்கும் இதுதான் முதல் பாடம். திரை முழுக்க ஒரு படம் நிறைந்திருக்க வேண்டும். எழுத்து எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. விலையும் தொலைபேசி எண்ணும் கண்ணை உறுத்தாத ஓரத்துக்குப் போய்விட வேண்டும். இப்படி அமைந்த பக்கங்களைத்தான் நல்ல வடிவமைப்பு என்று எடுத்துக்காட்டுகிறார்கள். கெடாவில் நாலு மேசை போட்டுச் சாப்பாட்டுக் கடை நடத்துபவர்கள்கூட இதை நம்பிக் கையிலிருக்கும் காசைக் கொட்டத் தொடங்கிவிட்டார்கள்.

நான் இதை மறுக்கிறேன். உணவகத்தின் பக்கத்தைத் தேடித் திறப்பவருக்கு எச்சில் முன்பே ஊறியாயிற்று. பசி வந்த பிறகுதான் அவர் அங்கே வருகிறார். இல்லாவிட்டால், இன்னும் அரை மணியில் பசி என்று அழப்போகும் பிள்ளைகள் அவர் வண்டியில் இருக்கிறார்கள். அவருக்குத் தெரிய வேண்டியது எங்கே இலை போடுகிறார்கள், எப்போது போடுகிறார்கள், என்ன விலைக்குப் போடுகிறார்கள் என்பதுதான். அதை மறைத்து வைத்துவிட்டு மேலும் பசியைக் கிளப்பும் பக்கத்துக்கு, அது எத்தனை அழகாக இருந்தாலும், நான் மதிப்பெண் போடமாட்டேன்.

சென்ற பள்ளி விடுமுறையில் ஒரு வெள்ளிக்கிழமை, யானில் உள்ள ஸ்ரீ பெரிகி நீர்வீழ்ச்சிக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். வேனில் ஏழு பேர். பேரப் பிள்ளைகள் மூவரும் தண்ணீரில் ஆடிக் களைத்திருந்தார்கள். பெரியம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. பீடோங் பக்கத்துத் தோட்டத்தில் முப்பது வருடம் பால்மரம் வெட்டியவர். வெள்ளிக்கிழமை என்றால் கவுச்சி தொடமாட்டார். மணி ஒன்றரை. யான் கடைத்தெருவில் தொழுகை நேரத்துக்காகப் பல கடைகள் அடைத்திருந்தன. "சைவச் சாப்பாடு எங்கேம்மா கிடைக்கும், பாரு" என்று மகளிடம் சொன்னேன்.

ஜெராய் மலை 1,217 மீட்டர் உயரம். அதன் அடிவாரத்தில் கைப்பேசிக்கு லைன் எப்படி இருக்கும் என்பது அங்கே போனவர்களுக்குத் தெரியும். முதல் கடையின் பக்கத்தைத் திறந்தாள். ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு பானையிலிருந்து ஆவி எழும் காட்சி பாதி வந்து நின்றுபோனது. அடுத்த கடைக்குப் போனாள். அங்கே படங்கள் வந்தன. ஆனால் அந்தப் படங்களில் இருந்தது நம் பக்கத்துச் சாப்பாடே இல்லை. குல்ச்சாவும் பன்னீரும் கருப்புப் பலகைமேல் வைத்த மல்லித்தழையுமாக, எங்கோ விலைக்கு வாங்கிய படங்கள். உணவுப் பட்டியலைத் தொட்டால் பிடிஎஃப் கோப்பு ஒன்றை இறக்கிக்கொள்ளச் சொன்னது. நேரம் மட்டும் கீழே, வெளிர் சாம்பல் நிறத்தில், மயிரிழை போன்ற எழுத்தில் இருந்தது: வார நாள்களில் காலை பத்து முதல், வார இறுதியில் காலை ஏழு முதல்.

கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். அந்தப் பக்கத்தைச் செய்தவர் கோலாலம்பூர்க் கடைக்குச் செய்து வைத்திருந்த அச்சை எடுத்து இங்கே பொருத்தியிருக்கிறார். வெள்ளிக்கிழமை அவருடைய கணக்கில் வார நாளா, நம் கணக்கில் வார இறுதியா? தொலைபேசலாம் என்றால் எண் ஒரு படத்துக்குள் இருந்தது. தொட்டால் அழைப்புப் போகவில்லை. எப்படியானாலும் ஒன்றரை மணிக்குக் கடை திறந்துதான் இருக்கும் என்று அரை மணி நேரம் ஓட்டிக்கொண்டு போனோம். கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. "வெள்ளி கடை இல்லை" என்று மார்க்கர் பேனாவால் எழுதியிருந்தார்கள். அந்தக் கடையைப் பற்றிய உண்மையான செய்தி அந்த ஒரு தாளில் மட்டும்தான் இருந்தது.

இதைப் படித்துவிட்டு, "அது தகவல் பிழை, வடிவமைப்புப் பிழை ஆகாது" என்று சிலர் சொல்வார்கள். இந்தப் பிரிவினையைத்தான் நான் ஏற்க மறுக்கிறேன். சுங்கைப் பட்டாணியில் இருபத்தேழு வருடம் அச்சகம் வைத்திருந்தவன் நான். கல்யாணப் பத்திரிகை, கருமக்கிரியைப் பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீஸ், சாப்பாட்டுக் கடை விலைப் பட்டியல் எல்லாம் கோத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகையில் தங்கப் பூ வேலைப்பாடு எவ்வளவு இருந்தாலும், முகூர்த்த நேரமும் மண்டபத்தின் பெயரும் தாத்தா கண்ணாடி இல்லாமல் படிக்கும் அளவில் இருக்க வேண்டும். அப்படி இல்லையென்றால் ஐந்நூறு பத்திரிகையையும் திருப்பிக் கொண்டுவந்து மேசையில் போட்டுவிடுவார்கள். அளவு, இடம், நிறம், இடைவெளி என்பவையெல்லாம் எதற்கு? எதை முதலில் படிக்க வேண்டும் என்று கண்ணுக்கு வழி காட்டத்தானே? நேரத்தைச் சாம்பல் நிறத்தில் கீழே தள்ளியது ஒரு வடிவமைப்பு முடிவு. ஆவி எழும் பானையை மேலே ஏற்றியதும் வடிவமைப்பு முடிவுதான்.

உணவை அடுக்கி வைக்கும் கலையில் நம்மிடம் உள்ள பாடம் இலை. நுனி இடது கைப் பக்கம். கறிகாய், ஊறுகாய், அப்பளம் மேல் பாதியில். சோறு கீழ்ப் பாதியில், கைக்கு அருகில். உப்பு எங்கே என்று யாரும் தேடுவதில்லை. பரிமாறுகிறவர் இருபது பேருக்கு ஓடி ஓடி வைத்தாலும் இடம் மாறாது. மூடிய இலை எந்தப் பக்கம் மடிந்திருக்கிறது என்பதுகூடச் செய்தி சொல்லும். அந்த அமைப்பு அழகாகவும் இருக்கிறது. அதை அழகுக்காக யாரும் அமைக்கவில்லை. சாப்பிடுகிற கை எங்கே போகும் என்பதை அறிந்து அமைத்தார்கள். இலையில் சோற்றுக்கு இடமில்லாமல் நடுவில் ஒரு பெரிய தாமரைப் பூவை வைத்தால் எப்படியோ, அப்படித்தான் இருக்கிறது திரை முழுக்க ஒரு படம்.

அழகுக் கட்சிக்காரர்கள் வெறுங்கையோடு வருவதில்லை. ஆய்வுகளைக் கொண்டுவருகிறார்கள். அவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டும்.

அவர்கள் அதிகம் எடுத்துக்காட்டுவது 2006இல் கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிட்டெ லிண்ட்கார்டும் அவர் குழுவினரும் வெளியிட்ட ஆய்வு. இணையப் பக்கங்களை 50 மில்லி விநாடி மட்டும் காட்டினார்கள். ஒரு விநாடியில் இருபதில் ஒரு பங்கு. அதற்குள்ளேயே பார்த்தவர்கள் பக்கம் அழகா இல்லையா என்று தீர்மானித்துவிட்டார்கள், கூடுதல் நேரம் காட்டியபோதும் அந்தத் தீர்ப்பு பெரிதாக மாறவில்லை. "பார்த்தீர்களா, 50 மில்லி விநாடியில் வாடிக்கையாளரை இழந்துவிடுவீர்கள்" என்று இதைக் காட்டிக் கடைக்காரரைப் பயமுறுத்துகிறார்கள். ஆய்வு கேட்டது அழகைப் பற்றி மட்டும். அந்த 50 மில்லி விநாடியில் யாரும் கடையைத் தேர்ந்தெடுக்கவில்லை, யாரும் சாப்பிடப் போகவில்லை, யாரும் முகவரியைப் படிக்கவில்லை. அழகு சட்டென்று கண்ணில் படும் என்பதற்கு மட்டுமே அது சான்று.

இரண்டாவது, 2002இல் ஸ்டான்ஃபோர்டில் பி. ஜே. ஃபாக் குழு செய்தது. இணையத்தளங்களை எதை வைத்து நம்புகிறீர்கள் என்று 2,500க்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டார்கள். அவர்கள் சொன்ன கருத்துகளில் ஏறக்குறைய 46 விழுக்காடு தோற்றத்தைப் பற்றியே இருந்தது. பெரிய எண்தான். ஆனால் அங்கே வைத்தவை நிதி, உடல்நலம், செய்தி, பயணம் போன்ற பத்து வகைத் தளங்கள். உணவகம் அதில் ஒரு வகையாக இல்லை. வங்கியை நாம் தோற்றத்தால் அளக்கிறோம், ஏனென்றால் அதன் உள்ளே நடப்பது நமக்குத் தெரியாது. சாப்பாட்டுக் கடைக்கு வேறு சாட்சிகள் உண்டு. மைத்துனர் சாப்பிட்டிருப்பார், வாசலில் லாரிகள் நிற்கும், வெங்காயம் வதக்கும் வாசனை அஞ்சடி வரைக்கும் வரும். பினாங்கு ரோட்டில் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே ஒரு சந்தில் உட்கார்ந்திருக்கும் லைன் கிளியர் நாசி கண்டார் கடையைத் தோற்றத்தை நம்பியா இத்தனை வருடமாக வரிசை பிடித்து நிற்கிறார்கள்?

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் அது அவர்களுக்கு எதிரான சாட்சி. 1995இல் ஜப்பானில் மசாக்கி குரோசுவும் கவோரி காஷிமுராவும் பணம் எடுக்கும் இயந்திரத்துக்கு 26 விதமான திரை அமைப்புகளை 252 பேரிடம் காட்டினார்கள். அழகான அமைப்பைப் பார்த்தவர்கள் அதைப் பயன்படுத்துவதும் சுலபம் என்று நினைத்தார்கள். "அழகு இருந்தால் வசதியும் வந்துவிடும்" என்று இதற்குப் பொருள் சொல்கிறார்கள். ஆய்வாளர்கள் சொன்னதோ வேறு. வசதியாகத் தோன்றுவது ஒன்று, உள்ளபடியே வசதியாக இருப்பது இன்னொன்று என்று அவர்கள் பிரித்தே வைத்தார்கள். அழகு ஒட்டிக்கொண்டது தோற்றத்தோடு. பார்த்தவர்கள் அந்தத் திரைகளை இயக்கிப் பார்க்கவில்லை. அதாவது, அழகு குறையை மூடி மறைக்கும் என்பதற்கு அது சான்று. இணையப் பக்கங்களை மதிப்பிடும் நடுவர்கள் பக்கத்தைப் பார்த்து மட்டும் மதிப்பெண் போடும்போது இந்த மறைப்புக்குத்தான் பலியாகிறார்கள்.

அழகை முதலில் வைத்து மதிப்பிட்டவர்கள் ஏற்கெனவே ஒரு முறை பெரிதாகத் தோற்றிருக்கிறார்கள். 2000களில் உலகமெங்கும் பெரிய உணவகங்கள் தங்கள் பக்கங்களை ஃபிளாஷ் மென்பொருளில் செய்தன. திறந்தால் இசை ஒலிக்கும், திரை விலகும், தட்டு பறந்து வரும். அந்தக் காலத்தின் உச்ச வடிவமைப்பு அது. 2007இல் ஐஃபோன் வந்தது. அதில் ஃபிளாஷ் ஓடவில்லை. 2010 ஏப்ரலில் ஸ்டீவ் ஜாப்ஸ் அதற்கு இடமில்லை என்று பகிரங்கமாகவே எழுதினார். தெருவில் நின்று கடை தேடியவர்களின் கையில் அந்த அழகான பக்கங்கள் வெற்றுப் பெட்டிகளாகத் தெரிந்தன. 2020 டிசம்பர் 31உடன் ஃபிளாஷுக்கான ஆதரவே முடிந்தது. இசையும் பறக்கும் தட்டும் அதோடு போயின. அதே காலத்தில் பெயர், முகவரி, பட்டியல், விலை என்று வெறும் எழுத்தில் செய்த பக்கத்தை இன்றைக்கும் எந்தக் கைப்பேசியிலும் திறக்கலாம். இப்போது ஃபிளாஷ் இடத்தில் நிகழ்படம் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

விலையை மறைப்பதைப் பற்றி எனக்குக் கோபமே வருகிறது. விலை போட்டால் பக்கத்தின் தரம் இறங்கிவிடுமாம். இந்த நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 2025இல்தான் 1,700 வெள்ளி ஆனது. கூலிமிலோ சுங்கைப் பட்டாணியிலோ தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒருவர் குடும்பத்தில் ஐந்து பேரை அழைத்துக்கொண்டு பசியாறப் போகிறார் என்று வையுங்கள். ஆளுக்குப் பதினைந்து வெள்ளி என்றால் எழுபத்தைந்து. அவருடைய ஒரு நாள் கூலியைவிட அதிகம். உள்ளே போய் உட்கார்ந்து, பட்டியலைப் பார்த்து, பிள்ளைகள் எதிரில் எழுந்து வர யாருக்கு மனம் வரும்? தெரியாமல் போய் உட்கார்ந்து, தனக்கு மட்டும் தே ஓ போதும் என்று சொல்லி, பிள்ளைகளுக்குச் சாப்பாடு வாங்கிக் கொடுத்த அப்பாக்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். விலையை முன்னாலேயே சொல்வது ஒரு மரியாதை. அதை ஓரத்துக்குத் தள்ளும் அழகுணர்ச்சி வசதியுள்ளவரை மட்டுமே நினைத்துப் பார்த்த அழகுணர்ச்சி.

இனித் தமிழுக்கு வருகிறேன். நம் கடைகளின் பக்கங்களில் தமிழ் எங்கே? பெயரில்கூடப் பல கடைகளுக்கு இல்லை. கேட்டால், "தமிழ் எழுத்து லேஅவுட்டைக் கெடுக்கிறது அங்கிள்" என்று ஒரு வடிவமைப்பாளர் தம்பி என் முகத்துக்கு நேராகச் சொன்னார். அவர் சொன்னதில் பாதி உண்மை உண்டு. ஆங்கில எழுத்துக்கென்று அளந்து செய்த அச்சில் தமிழைக் கொட்டினால் கெடத்தான் செய்யும். 'கீ' மேலே கொம்பு நீட்டும், 'கூ' கீழே வால் விடும், சொல் நீளும். வரிகளுக்கு நடுவே இன்னும் கொஞ்சம் காற்று வேண்டும். தலைப்பைப் பெரிய எழுத்தில் போட்டு எடுப்பாகக் காட்டும் வித்தை நமக்கு இல்லை, ஏனென்றால் தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதம் இல்லை. மெலிந்த கோட்டு எழுத்தில் சுழிகள் அடைந்துபோகும். ஈய எழுத்துக் கோத்த காலத்திலேயே இதெல்லாம் எங்களுக்குத் தெரியும். அதற்கு நாங்கள் செய்தது வரிக்கு நடுவே ஈயத் தகடு சொருகி இடம் விட்டது. தமிழை எடுத்துவிடலாம் என்று யாரும் யோசனை சொல்லவில்லை.

ஆப்பிள் கணினிகளோடும் கைப்பேசிகளோடும் வந்த இணைமதி, தமிழ் சங்கம் எம்என் ஆகிய தமிழ் எழுத்துருக்களைச் செய்தவர் நம் நாட்டுக்காரரான முத்து நெடுமாறன். எழுத்துருவின் பெயரில் உள்ள 'எம்என்' அவர் பெயரின் முதலெழுத்துகள். முரசு அஞ்சலை உருவாக்கியவரும் அவரே. உலகத்தின் கைப்பேசிகளுக்குள் தமிழைச் சேர்த்தவர் வாழும் நாட்டில், அந்தக் கைப்பேசியில் தெரியும் சாப்பாட்டுக் கடைக்குத் தமிழ் பொருந்தாது என்று சொல்கிறார்கள். தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம் மட்டும் படித்த பெரியம்மாவுக்கு 'தக்காளி ரசம்' என்று படிக்கத் தெரியும். வேறு எதில் எழுதினாலும் அவர் யாரையாவது கேட்க வேண்டும்.

நிறத்தைப் பற்றி நீட்டி முழக்கத் தேவையில்லை. இணையத் தரங்களை வகுக்கும் அமைப்பு 2008இலேயே அளவு சொல்லிவிட்டது: சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5க்கு 1 என்ற வேறுபாடு வேண்டும். வெள்ளையில் வெளிர் சாம்பல் அதை எட்டாது. வெயிலில் நின்று பார்க்கும் கண்ணுக்கு அதுவும் போதாது.

எதிர்த் தரப்பின் வலுவான வாதம் ஒன்று மிஞ்சியிருக்கிறது. "கடையின் முகப்பு அழுக்காக இருந்தால் உள்ளே யார் வருவார்கள்? இணையப் பக்கம்தானே இன்றைக்கு முகப்பு?" சரியான கேள்வி. ஒப்புக்கொள்கிறேன். கோணலும் மாணலுமாக, ஐந்து நிறத்தில், சாய்ந்த எழுத்தும் மினுமினுக்கும் நட்சத்திரமுமாக இருக்கும் பக்கத்தை நானும் வெறுக்கிறேன். ஆனால் அஞ்சடியைக் கூட்டித் தண்ணீர் தெளித்து வைப்பது வேறு, வாசலை மறித்துத் தோரணம் கட்டுவது வேறு. தண்ணீர் தெளித்த வாசலில் யாரும் நின்று வாசலைப் பார்ப்பதில்லை, நேராக உள்ளே போகிறார்கள். பக்கத்தின் சுத்தம் அப்படிப்பட்டதாக இருக்க வேண்டும். வரி நேராக இருக்கட்டும். எழுத்து ஒன்று அல்லது இரண்டு வகையோடு நிற்கட்டும். ஓரத்தில் விரலுக்கு இடம் இருக்கட்டும். இந்த அழகுக்கு நான் எதிரி இல்லை.

"பக்கமே வேண்டாம், முகநூல் போதும்" என்பவர்களையும் ஏற்க முடியாது. முகநூலில் நேற்றுப் போட்டது இன்று அடியில் போய்விடும். விலைப் பட்டியலைத் தேடிப் போனால் முதலாளி மகளின் பிறந்தநாள் படம்தான் வரும்.

அப்படியானால் எப்படித்தான் மதிப்பிடுவது? பெரிய திரையில், குளிர்சாதன அறையில், வேகமான இணைப்பில் பார்த்து மதிப்பெண் போடுவதை நிறுத்த வேண்டும். நடுத்தர விலைக் கைப்பேசி ஒன்றை எடுத்துக்கொண்டு யானுக்கோ குவார் செம்படாக்குக்கோ போய் நில்லுங்கள். அந்தப் பக்கத்தை அதுவரை பார்க்காத ஒருவரிடம் கொடுங்கள். இன்று திறந்திருக்கிறதா, இன்று சைவம் உண்டா, ஐந்து பேருக்கு எவ்வளவு ஆகும், எங்கே திரும்ப வேண்டும் என்று கேளுங்கள். எத்தனை முறை தொட்டார், எங்கே தடுமாறினார், எந்த இடத்தில் கைப்பேசியைத் தூரப் பிடித்துக் கண்ணைச் சுருக்கினார் என்று பாருங்கள். ஐந்து பேரைக் கொண்டு சோதித்தாலே பெரும்பாலான குறைகள் வெளியே வந்துவிடும் என்று ஜேக்கப் நீல்சன் 2000இல் எழுதினார். ஐந்து பேரைத் தேடி நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை, ஒரு வேன் போதும். அதன் பிறகு அழகுக்கு மதிப்பெண் போடுங்கள். அப்போது எது அழகு என்பதே உங்களுக்கு வேறாகத் தெரியக்கூடும்.

போன வருடம் குவார் செம்படாக் பக்கம் ஒட்டுக்கடை வைத்திருக்கும் ஓர் அக்காவுக்கு நானும் என் மகனும் சேர்ந்து ஒரு பக்கம் செய்து கொடுத்தோம். ஒரே பக்கம். மேலே கடையின் பெயர் தமிழிலும் மலாயிலும். அதற்குக் கீழே பெரிய எழுத்தில் 'இன்று கடை உண்டு' அல்லது 'இன்று கடை இல்லை'. அடுத்து இன்றைய கறி, விலையோடு. கிழமைகளை 'வார நாள்', 'வார இறுதி' என்று தொகுக்காமல் ஏழையும் தனித்தனியாக எழுதினோம். வெள்ளிக்கும் செவ்வாய்க்கும் நேரே 'சைவம் மட்டும்'. தொட்டால் அழைப்புப் போகும் எண். அக்கா காலையில் புலனத்தில் செய்தி அனுப்புவார், மகன் இரண்டு நிமிடத்தில் மாற்றிவிடுவான்.

படம் ஒன்றுதான் வைத்தோம். அதில் சோறும் இல்லை, கறியும் இல்லை. கூரோணிலிருந்து வரும்போது சாலையிலிருந்து கடை எப்படித் தெரியுமோ அப்படி எடுத்த படம்: மின்கம்பம், தூங்குமூஞ்சி மரம், மரத்துக்குப் பின்னால் நீலத் தகரக் கூரை. திரும்ப வேண்டிய இடத்தைத் தவறவிட்டு நேராகப் போய்விடுகிறவர்கள் அதிகம் என்று அக்கா சொன்னதால் எடுத்தது. முன்னே சொன்ன அதே தம்பி இதைப் பார்த்துவிட்டு, "இதில் டிசைன் எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். அந்தப் படத்தை எந்தப் பக்கத்திலிருந்து எடுப்பது என்று முடிவு செய்ய எங்களுக்கு ஒரு காலைப் பொழுது முழுக்க ஆனது என்று சொன்னேன்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் அக்கா கூப்பிட்டார். "அண்ணே, அந்த மரத்த வெட்டிட்டாங்க. படத்தப் பாத்துட்டு வர்றவங்க மரத்தத் தேடிக்கிட்டு நேரா போயிடுறாங்க. மாத்தணும்ண்ணே." மறுநாள் காலை மகன் போய் வேறு படம் எடுத்து வந்தான்.